வானத்துப் பூவும் நடக்கத்தக்க மேகமும்: புதுவைப் புனைவுகள் இரண்டில் மேலுலகத்தின் தரை

ஆய்வுச் சுருக்கம்

கற்பனை உலகொன்றில் மனிதர் மேகத்தின்மீது நடப்பதாக ஒருவர் எழுதினால், அந்த நடையை வாசகர் எதனால் ஏற்கிறார் என்பது இக்கட்டுரையின் வினா. மேகம் எவ்வாறு எடையைத் தாங்குகிறது என்னும் பொருளியல் விளக்கம் இதற்குப் போதிய விடையாகாது. மேலே நடப்பவர் எதைக் கொடுக்கிறார், அங்கே நிற்பதால் அவருக்கு என்ன நேர்கிறது என்பனவே அந்த நடையை நம்பத்தக்கதாக்குகின்றன. நச்சினார்க்கினியரின் உரைக் கருத்தொன்றை அளவுகோலாகக் கொண்டு, புதுச்சேரியோடு தொடர்புடைய இரு படைப்புகளான பாரதியின் ‘ஞானரதம்’ (1910), பாரதிதாசனின் ‘சஞ்சீவி பர்வதத்தின் சாரல்’ (1930) ஆகியவற்றை இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மிகுபுனைவு, மேகம், ஞானரதம், சஞ்சீவி பர்வதத்தின் சாரல், நாடக வழக்கு, புதுச்சேரி.

முன்னுரை

மிதக்கும் தீவும் முகில் நகரமும் இன்றைய மிகுபுனைவுக்குப் பழகிப்போன இடங்கள். இவற்றைப் படைப்போர் பெரும்பாலும் இரு வழிகளில் ஒன்றைத் தேர்கின்றனர். முதல் வழி, மேகத்தைக் கெட்டியாக்கும் காந்தக் கல்லையோ அரிய வாயுவையோ கண்டுபிடித்து விளக்கம் தருவது. இரண்டாம் வழி, ‘அது மாய உலகம்’ என்று சொல்லிக் கடந்துவிடுவது. முதல் வழி கதையைப் பாடமாக்கிவிடுகிறது. இரண்டாம் வழியில் எதுவும் நடக்கலாம் என்றாகிவிடுவதால், எது நடந்தாலும் வாசகருக்குப் பொருட்டில்லாமல் போகிறது. இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவது வழி ஒன்று தமிழிலேயே இருக்கிறது என்பதைக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட இரு படைப்புகளிலும் கதைமாந்தர் மேகத்தின்மீது நேரடியாக நடக்கும் காட்சி மையமாக இல்லை. ஒன்றில் மனிதன் தேரேறி மேலுலகங்களுக்குச் செல்கிறான். மற்றொன்றில், தான் நிற்கும் மலையே வானில் பறக்கப்போகிறது என்று ஒருவன் அஞ்சுகிறான். எனினும் மனித உடலின் எடையை மண்ணல்லாத ஓரிடத்தில் நிறுத்திப் பார்ப்பது இரண்டுக்கும் பொது. நடக்கத்தக்க மேகம் எழுப்பும் சிக்கலும் அதுவே.

வானத்துப் பூ: ஓர் உரையாசிரியரின் அளவுகோல்

அகப்பாடல்களில் வரும் தலைவனும் தலைவியும் உலகில் உள்ளவர்களா, புலவர் புனைந்தவர்களா என்னும் வினா பழைய உரையாசிரியர்களிடையே தீவிரமாகப் பேசப்பட்டது. அகவுலகம் நடப்பில் இல்லாதது என்றும், இனிமையும் நன்மையும் கருதிப் புலவர்கள் அதை அமைத்தனர் என்றும் இறையனார் அகப்பொருள் உரை கருதுகிறது. நாடக வழக்கையும் உலகியல் வழக்கையும் இணைத்துப் பேசும் தொல்காப்பிய அகத்திணையியல் நூற்பாவுக்கு உரை எழுதும் நச்சினார்க்கினியர் இக்கருத்தை ஏற்கவில்லை. வானத்தில் பூத்த பூ மணம் வீசியது என்று ஒருவர் சொன்னால், அதைச் சூடிக்கொள்ள எவரும் எண்ணமாட்டார். சொன்னவரையே உலகம் இகழும் என்பது அவர் தரும் காரணம். முழுவதும் இல்லாத ஒன்றைப் புலவர் பாடியிருந்தால் அகப்பாட்டுக்கும் அந்நிலையே நேர்ந்திருக்கும் என்பது அவர் வாதம்.

இவ்வாதத்தில் கவனிக்க வேண்டிய சொல் ‘சூடுதல்’. பூ உண்டா இல்லையா என்பதோடு நச்சினார்க்கினியர் நிற்கவில்லை. கேட்பவருக்கு அதைச் சூடும் விருப்பம் எழுமா என்று பார்க்கிறார். புனைவின் ஏற்புடைமையை அவர் கேட்பவரின் செயலோடு பிணைத்துவிடுகிறார். இந்த அளவுகோலை மேகத்துக்குப் பொருத்தினால், ‘மேகம் தாங்குமா?’ என்னும் வினா, ‘அதில் கால் வைக்க வாசகர் துணிவாரா, தயங்குவாரா?’ என்று மாறுகிறது. துணிவோ தயக்கமோ எழுந்துவிட்டால் அந்த மேகம் புனைவில் உள்ளதாகிவிடுகிறது.

அணியிலக்கணம் பேசும் இல்பொருள் உவமையும் இங்கு நினைக்கத்தக்கது. உலகில் இல்லாத பொருளை உவமையாக்கும்போது, தனித்தனியே உள்ள இரண்டை இணைத்தே கவிஞர் அதைச் செய்கிறார். மேகமும் உள்ளது, நடையும் உள்ளது. இல்லாதது அவற்றின் இணைப்பு மட்டுமே. ஆகவே அந்த இணைப்பை உறுதிப்படுத்துவதே புனைவாசிரியரின் வேலை.

நிலம் தோயும் பாதம்

தமிழ் மரபில் மேகத்துக்குப் பல வேலைகள் உண்டு. தூதிலக்கியம் வகுக்கும் பத்துத் தூதுப் பொருள்களுள் மேகமும் ஒன்று. இந்திரனுக்கு மேகவாகனன் என்று பெயர். தூது போவதும் ஊர்தியாவதும் மேகத்துக்கு இயல்பாக இருக்க, மனிதர் நடந்து திரியும் தரையாக அதைக் காண்பது அரிது. காரணம் பாதம் பற்றிய ஒரு மரபு விதியில் இருக்கிறது. தேவரின் கால் நிலத்தில் படியாது, கண் இமைக்காது, சூடிய மாலை வாடாது. ‘நளவெண்பா’வில் தேவர் அனைவரும் நளனின் உருக்கொண்டு அமர்ந்திருக்கும்போது, தமயந்தி இக்குறிகளைக் கொண்டே மனிதனாகிய நளனை இனங்காண்கிறாள். எனவே நிலத்தைத் தொடுதல் மனிதனின் அடையாளம். மேலுலகில் நடக்கும் மனிதன் இந்த அடையாளத்தையும் உடன் கொண்டு செல்கிறான். அவன் கால் எதையாவது தொட்டாக வேண்டும்.

மனிதக் கால் மேகத்தோடு சேரும் இடம் ஒன்றும் தமிழில் உண்டு. அதன் பெயர் சாரல். மலைச்சரிவுக்கும் அங்கே பெய்யும் நுண்துளி மழைக்கும் நாம் ஒரே சொல்லை வழங்குகிறோம். குறிஞ்சி நிலத்தில் மேகம் மலையில் படிந்திருக்க, மக்கள் அதனூடே நடந்து தினைப்புனத்துக்குச் செல்கின்றனர். காலுக்குப் பாறையும் உடலுக்கு முகிலும் அமைந்த இந்த இடமே தமிழ் அறிந்த நடக்கத்தக்க மேகம். பாரதிதாசன் தம் காவியத்தின் தலைப்பில் இச்சொல்லை வைத்திருப்பது பின்னர் நமக்கு உதவும்.

பொருளியல் விளக்கத்தின் எல்லை

மேகத்தின் இயல்பை அறிவியல் தெளிவாகக் கூறுகிறது. நல்ல வானிலையில் காணும் திரள்முகிலின் ஒரு கனமீட்டரில் ஏறத்தாழ 0.5 கிராம் நீரே இருக்கும். அதே கனமீட்டரில் கடல்மட்டத்துக் காற்று ஏறத்தாழ 1.2 கிலோகிராம். ஒரு கனகிலோமீட்டர் முகிலைத் திரட்டினால் ஏறத்தாழ 500 டன் நீர் கிடைக்கும். ஆனால் அது சில நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் அளவுள்ள துளிகளாகச் சிதறிக் கிடப்பதால், அதில் வைக்கும் கால் காற்றில் வைத்த காலாகவே இருக்கும். எடையளவில் மேகம் பெரிது. தாங்கும் ஆற்றலில் அது இன்மைக்கு நிகர்.

இந்த இன்மையை ஒரு பொருளால் நிரப்ப முயன்ற புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஜோனதன் ஸ்விஃப்ட் 1726இல் வெளியிட்ட ‘கலிவரின் பயணங்கள்’. அதில் வரும் லபூட்டா என்னும் மிதக்கும் தீவு ஒரு பெரிய காந்தக் கல்லால் இயங்குகிறது. ஆயினும் அந்தக் காந்தத்தின் நுட்பத்தைவிட, மேலிருப்போர் கீழுள்ள நாட்டின் வெயிலையும் மழையையும் மறைத்துத் தண்டிக்க முடியும் என்பதே வாசகர் மனத்தில் தங்குகிறது. கி.மு. 414இல் அரங்கேறிய அரிஸ்டோஃபனீஸின் ‘பறவைகள்’ நாடகத்திலும் நிலை இதுவே. பறவைகள் நடுவானில் கட்டும் நகரத்தின் மதில் எதன்மீது நிற்கிறது என்று எவரும் கேட்பதில்லை. அந்த மதிலால் வேள்விப் புகை தேவரை எட்டாமல் தடைபடுவதும் தேவர் பசியால் வாடுவதும்தான் நாடகத்தை நகர்த்துகின்றன. வானத்துத் தரையை உறுதிப்படுத்துவது அதன் விளைவு என்பதை இவ்விரு படைப்புகளும் உணர்த்துகின்றன.

நம் புராணத் திரைப்படங்களின் தேவலோகக் காட்சிகளை இதனோடு ஒப்பிடலாம். அரங்கத் தரையில் கணுக்கால் அளவு வெண்புகையைப் பரப்பினால் அது மேகமாகிவிடுகிறது. பாதம் எதைத் தொடுகிறது என்னும் வினா எழும் அதே இடத்தைப் புகை மறைத்துவிடுகிறது. பார்வையாளரும் அதைக் கேட்காமலிருக்க உடன்படுகின்றனர். இது ஓர் ஒப்பந்தமாகச் செயல்படுகிறது. ஆனால் அங்கே நடக்கும் மனிதப் பாத்திரம் கீழே விழுந்துவிடுமோ என்னும் கவலை நமக்கு ஒருபோதும் வருவதில்லை.

ஞானரதம்: வாயிலில் கேட்கப்படும் விலை

பாரதி 1908இல் புதுச்சேரிக்கு வந்து 1918 வரை அங்கே வாழ்ந்தார். ‘ஞானரதம்’ 1910இல் நூலாக வெளிவந்தது. திருவல்லிக்கேணி வீரராகவ முதலி தெருவில், கடலை நோக்கிய மேல்மாடத்தில் ஒரு மாலை வேளையில் படுத்திருக்கும் கதைசொல்லி ஞானம் என்னும் தேரை அழைக்கிறான். அதிலேறி உபசாந்தி லோகம், கந்தர்வ லோகம், ஸத்ய லோகம், மண்ணுலகம், தர்ம லோகம் ஆகியவற்றைக் காண்கிறான்.

தேர் எவ்வாறு பறக்கிறது என்பதற்குப் பாரதி பொறியியல் விளக்கம் எதுவும் தரவில்லை. மாறாக ஒரு சொல்லாட்சியை எடுத்து அதன்மேல் கதையை நிறுத்துகிறார். விருப்பத்துக்கு ‘மனோரதம்’ என்று பெயர். அதாவது மனமாகிய தேர். விருப்பத்தில் மனமே ஊர்தியாகிறது. ஞானத்தேரில் மனம் உடன் வரும் பயணி மட்டுமே. இந்த இடமாற்றத்தின் விளைவு முதல் உலகின் வாயிலிலேயே தெரிந்துவிடுகிறது. கவலையற்ற உபசாந்தி லோகத்துக்குள் செல்ல வேண்டுமானால் மனத்தை வெளியே விட்டுவிட வேண்டும். கதைசொல்லியால் மனத்தைப் பிரிய முடியவில்லை. எந்த உலகைத் தேடித் தேரேறினானோ அந்த உலகைக் காணாமலே திரும்புகிறான்.

மிகுபுனைவின் உலகாக்கம் பற்றி எண்ணுவோருக்கு இந்தப் பகுதி மிகவும் பயனுடையது. உபசாந்தி லோகத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை நாம் காண்பதே இல்லை. தரை எப்படி இருக்கும், அங்குள்ளோர் எதன்மீது நடப்பர் என்பன சொல்லப்படவில்லை. இருந்தும் ஐந்து உலகங்களுள் நம் நினைவில் உறுதியாக நிற்பது அதுவே. அங்கே செல்ல என்ன விலை என்று நமக்குத் தெரியும். நாமாக இருந்தால் கொடுப்போமா என்னும் தயக்கமும் எழுகிறது. நச்சினார்க்கினியரின் சொல்லில் கூறினால், சூடலாமா என்று நாம் எண்ணிப் பார்த்த வானத்துப் பூ அது. அடுத்து வரும் கந்தர்வ லோகத்தில் மனத்துக்குத் தடையில்லை. அது மனத்தின் இன்பத்துக்கே உரிய உலகம். அங்கே வருணனை பெருகுகிறது; ஆனால் வாயிலில் நின்ற அந்த இறுக்கம் தளர்ந்துவிடுகிறது. வருணனையின் செறிவும் இடத்தின் உறுதியும் ஒன்றல்ல என்பதற்கு இவ்விரு பகுதிகளே சான்று.

மற்றொரு நுட்பம், மேலுலகங்களின் வரிசையிலேயே மண்ணுலகத்தையும் பாரதி வைத்திருப்பது. தேரேறிப் போய்க் காணும் இடங்களுள் ஒன்றாக மண்ணுலகம் ஆகும்போது, நாம் நிற்கும் தரையும் விலை கேட்கும் தரையாகிவிடுகிறது. நூல் வெளிவந்த ஆண்டில் ஆசிரியர் புதுவையில் இருந்தார். கதைசொல்லி படுத்திருப்பதோ ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்ட திருவல்லிக்கேணியில். அக்காலத்தில் பாரதி அஞ்சாமல் கால் வைக்கக்கூடிய இடமாகத் திருவல்லிக்கேணி இருக்கவில்லை. 1918 நவம்பரில் அவர் பிரெஞ்சு எல்லையைக் கடந்ததும் கடலூர் அருகே கைதானார். ஒரு கோட்டைக் கடந்தால் வேறு சட்டம், கடப்பதற்கு ஒரு விலை என்னும் அமைப்பு புதுவையில் தஞ்சம் புகுந்தோரின் அன்றாட அனுபவம். இதைக் கொண்டு உபசாந்தி லோகத்தின் வாயிலை அரசியல் உருவகமாகச் சுருக்கிவிட முடியாது. அதன் வேர் வேதாந்தத்தில் உள்ளது. எனினும் அந்த வாயில் ஏன் அவ்வளவு மெய்யாக எழுதப்பட்டது என்பதை உணர இவ்வரலாறு துணைபுரிகிறது.

சஞ்சீவி பர்வதத்தின் சாரல்: பறக்கும் மலையில் நிற்பவன்

புதுவையில் 1891இல் பிறந்த பாரதிதாசனின் ‘சஞ்சீவி பர்வதத்தின் சாரல்’ 1930இல் வெளிவந்தது. குப்பன், வஞ்சி என்னும் காதலர் இருவர் மலைச்சாரலில் இரு மூலிகைகளைத் தேடிச் செல்கின்றனர். ஒன்றை உண்டால் உலகோர் பேசுவது கேட்கும்; மற்றொன்றை உண்டால் உலகக் காட்சி தெரியும். முதலில் கேட்கும் மூலிகையை உண்கின்றனர். அயல்நாட்டார் பேச்சுகளைத் தொடர்ந்து, இராமாயணக் கதை சொல்லும் பாகவதர் ஒருவரின் குரலும் கேட்கிறது. அனுமன் சஞ்சீவி மலையைப் பெயர்க்கிறான் என்று அக்குரல் சொன்னதும், அதே மலையில் நிற்கும் குப்பன் நடுங்குகிறான். வஞ்சி அஞ்சவில்லை. காணும் மூலிகையை உண்டபின், பொருள் பெற்றுக் கதை சொல்லும் பாகவதரின் தோற்றம் தெரிகிறது. குப்பன் தெளிவடைகிறான்.

இக்காவியத்தைப் பகுத்தறிவுப் பரப்புரையாகப் படிப்பது வழக்கம். அது பிழையன்று, ஆனால் குப்பனின் நடுக்கத்தில் அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. மலை வானில் பறந்த கதையைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டவர்கள் அதைக் கீழிருந்தே பார்த்தனர். அப்போது மலைமேல் நின்றவர் என்ன ஆனார் என்று கேட்கவில்லை. பாரதிதாசன் ஒரு சாதாரண மனிதனை அந்த மலையின்மேல் நிறுத்துகிறார். கதையின் தரை அவன் உடலின் தரையாகிறது. ஒரே கணத்தில் புராணத்தின் பெருமிதம் கால் நடுக்கமாக மாறுகிறது. மிதக்கும் உலகைப் படைப்போர் அனைவரும் கேட்க வேண்டிய வினா இதுவே. கீழிருந்து வியப்பவருக்கும் மேலே நிற்பவருக்கும் ஒரே வானம் இரு வேறு பொருள் தருகிறது.

இங்கு ஒரு தடை எழும். மலை பறந்தது பொய் என்றால், உலகப் பேச்சைக் கேட்கச் செய்யும் மூலிகை மட்டும் மெய்யா? ஓர் இயலாமையை மறுக்க மற்றோர் இயலாமையைக் கவிஞர் கருவியாக்குவது முரணாகாதா? இத்தடையை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அறிவியல் அளவுகோல் ஒன்றே இருக்குமானால் காவியம் தோற்றுவிடும். சூடத்தக்க பூ என்னும் அளவுகோலில் விடை வேறு. மூலிகைக்கு ஒரு வரம்பு இருக்கிறது. கேட்கச் செய்வது காணச் செய்யாது. அந்த வரம்புதான் குப்பனை அச்சத்தில் தள்ளுகிறது. சொல்பவன் தெரியாமல் சொல் மட்டும் வந்து சேர்வதால் கதை நிகழ்வாகத் தோன்றிவிடுகிறது. மூலிகையின் விதி கதையின் நிகழ்ச்சியை உருவாக்கி, பாத்திரத்தை மாற்றுகிறது. மேலும் மூலிகை புனைவென்பது வாசகருக்குத் தெரிந்தது. எவரும் அதை நம்பச் சொல்லவில்லை. பாகவதரின் பறக்கும் மலையோ குப்பனிடம் நம்பிக்கையைக் கேட்கிறது. அவன் நிற்கும் இடத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

ஆயினும் பாரதிதாசன் தம் விதியை இறுதிவரை சோதித்தார் என்று சொல்வதற்கில்லை. உலகோர் அனைவரின் பேச்சும் ஒருசேரக் காதில் விழுந்தால் பேரிரைச்சலே மிஞ்சும். காவியத்தில் வாதத்துக்கு வேண்டிய குரல்கள் மட்டும் வேண்டிய வரிசையில் கேட்கின்றன. மலைமேல் நிற்பவனின் உடலைக் கருதிய கவிஞர், உலகக் குரல்களைத் தாங்கும் செவியைக் கருதவில்லை. புனைவின் விதி வாதத்துக்குப் பணியும் இடம் இது. காவியம் வலுக்குன்றும் இடமும் இதுவே. கேட்பவன் சுமக்க வேண்டிய பாரத்தைச் சொல்லியிருந்தால் மூலிகை இன்னும் மெய்யாகியிருக்கும்.

இரு வழிகளும் ஒரு பொதுநெறியும்

பாரதி தரையை வாயிலால் உறுதிப்படுத்துகிறார். நுழைபவர் எதை இழக்க வேண்டும் என்று சொல்கிறார். பாரதிதாசன் தரையை உடலால் உறுதிப்படுத்துகிறார். நிற்பவருக்கு என்ன நேரும் என்று கேட்கிறார். முதலாவது ஆன்மிக வினா, இரண்டாவது பகுத்தறிவு வினா என்று பிரித்து இவர்களை எதிரெதிராக நிறுத்துவது திறனாய்வில் பழகிய வழி. உலகாக்கம் என்னும் நோக்கில் இருவரும் ஒரே நெறியைப் பின்பற்றுகின்றனர். இருவரும் மேலுலகின் பொருளை விளக்கவில்லை. இருவரும் மனிதப் பாதத்தை மறைக்கவுமில்லை.

இந்நெறியிலிருந்து மேகத்தில் நடக்கும் உலகைப் படைப்போருக்குச் சில பயன்கள் கிடைக்கின்றன. மேகம் கரையும் தன்மையுடையது. ஆகவே அங்கே வாழ்வோருக்கு நிலையான எல்லைக்கல் இருக்க முடியாது. நிலவுரிமை, வீடு, கல்லறை ஆகிய சொற்கள் அவ்வுலகில் என்ன பொருள் தரும் என்பது எழுத வேண்டியது. மேகத்தின் நீர் கீழே மழையாகிறது. அதைத் தரையாகத் தக்கவைத்துக்கொள்வோர் கீழுள்ளோரின் மழையைத் தடுப்பவராவர். தங்கள் ஏரிகளுக்கு வடகிழக்குப் பருவமழையை எதிர்நோக்கும் புதுவை, கடலூர், விழுப்புரம் உழவருக்கு இந்த அறச்சிக்கலை விளக்கத் தேவையில்லை. எடையைத் தாங்கும் கல்லைக் கண்டுபிடிப்பதைவிட, ஒருவர் மேலே நடக்க வேறொருவரின் ஏரி வறண்டது என்னும் ஒற்றைச் செய்தி அந்த மேகத்தைக் கெட்டியாக்கிவிடும்.

நிறைவுரை

புனைவுலகின் தரையை ஏற்கச் செய்வது அதன் பொருளைப் பற்றிய விளக்கமன்று. அதில் கால் வைப்பதற்கான விலையும் விளைவுமே என்பதை இரு புதுவைப் படைப்புகளின் வழி இக்கட்டுரை நிறுவ முயன்றது. ‘ஞானரத’த்தில் உறுதியாக நிற்பது கதைசொல்லி நுழையாமல் திரும்பிய உலகம். ‘சஞ்சீவி பர்வதத்தின் சார’லில் உறுதியாக நிற்பது குப்பனின் நடுக்கம். நச்சினார்க்கினியரின் வானத்துப் பூ, அகப்பாடலின் உலகியல் தன்மையை நிறுவ எழுந்த எடுத்துக்காட்டு. அதை மிகுபுனைவுக்கான அளவுகோலாகக் கொள்வது அவர் கருதாத விரிவாக்கம் என்றாலும், அவர் வாதத்தின் உள்ளோட்டத்துக்கு முரணாகாது. தமிழ் மிகுபுனைவை மதிப்பிட அயல்மொழிக் கோட்பாடுகளை மட்டுமே நாடும் போக்கு மிகுந்துள்ள இன்று, உரைமரபுக்குள் இத்தகைய அளவுகோல்கள் இருப்பதை நினைவில் கொள்வது பயன்தரும். தேவலோகக் காட்சிகளைக் கொண்ட நாடகப் பிரதிகளையும் சிறார் தொடர்களையும் இந்நோக்கில் ஆராய்வது அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.